காலி டிஸ்க்

17 ஜனவரி 2004, சனி

இன்று புதிதாக வந்த இருவரும் மாலை வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இனி வர மாட்டார்கள். போன மாதம் வந்தவரும் இப்படித்தான் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நீலசந்திரா பள்ளியின் கணினி அறையில்தான் எங்கள் கூட்டம். அங்கே நூலகராக இருக்கும் மௌரீன் சனிக்கிழமைகளில் திறந்துவிடுகிறார். வந்தவர்கள் கல்லூரி ஆசிரியர்கள். எங்கள் நூலக மென்பொருளான 'அடுக்கு' இலவசம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் படித்துவிட்டு, கன்னடப் பகுதியைத் திருத்தித் தர வந்தவர்கள். திருத்த வேண்டுமானால் முதலில் அதன் நிரலைத் தங்கள் கணினியில் கம்பைல் செய்து, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவமாக மாற்றி, ஓடவிட வேண்டும். அதற்கு எங்களிடம் இருப்பது ஒரு வழிமுறைத் தாள். மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டது. பிழைச்செய்தி வந்தது, அதைச் சரிசெய்தால் இன்னொன்று, அதற்குப் பின்னால் வேறொன்று.

ஸ்ரீஹர்ஷா வழக்கம்போல, அந்தத் தாள் பழசு, அடுத்த வாரம் என் ஹார்டு டிஸ்க்கை எடுத்து வருகிறேன், நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். 'அடுக்கு' அவன் தொடங்கியது. மூன்று வருடமாக இதுதான் பழக்கம். யாராவது சேர்ந்தால் டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போவான். அங்கே மாட்டி நகல் எடுத்துக் கொடுத்து, ஒரு காபி குடித்துவிட்டு வருவான்.

நான் கேட்டேன்: யார் வேண்டுமானாலும் என்றால், ஸ்ரீஹர்ஷாவின் ஸ்கூட்டர் போகும் தூரத்துக்குள் இருப்பவர்கள் மட்டுமா?

நிருபமா சிரித்தாள். ஸ்ரீஹர்ஷாவைப்போல் அவளும் கம்பெனியில் நிரல் எழுதுபவள். "செட்டப் பண்ணவே தெரியாதவங்க கோடு எழுதி என்ன ஆகப்போகுது ஆன்ட்டி? அதுவே ஒரு ஃபில்டர்தானே."

அதன் பிறகுதான் ஸ்ரீஹர்ஷா விஷயத்தைச் சொன்னான். மே மாதம் ஜெர்மனி போகிறானாம். வேலை உறுதியாகிவிட்டது. அப்படியென்றால் 'அடுக்கு'? நிருபமா ஒருத்தியால் பார்க்க முடியாது. 'அடுக்கு' வைத்திருக்கும் பள்ளிகளுக்குச் சொல்லிவிடலாம், வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளட்டும் என்றாள். மௌரீன் தன் பள்ளி நூலகத்தின் மொத்தப் புத்தகங்களையும் இரண்டு வருடமாக ஒற்றை ஆளாய் உட்கார்ந்து 'அடுக்கு'க்குள் ஏற்றி முடித்தது இந்தத் தீபாவளிக்குத்தான்.

சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஒரு சிடி. அதில் தேவையான எல்லாம் இருக்கும். உள்ளே போட்டு ஒரு கட்டளை கொடுத்தால் எந்தக் கணினியிலும் 'அடுக்கு' கம்பைல் ஆக வேண்டும். அவன் விமானம் ஏறுவதற்குள் செய்கிறேன்.

"எதுக்கு ஆன்ட்டி சும்னே டென்ஷன்?" என்றான்.

சும்னேயா? சும்மா வீண் வேலையா? பார்க்கலாம்.


18 ஜனவரி, ஞாயிறு

காலையில் இவர் கேட்டார், அந்தப் பையன் டிஸ்க் கொண்டு வந்தால் அரைமணியில் முடிகிற வேலைக்கு நீ ஏன் நான்கு மாதம் உழைக்க வேண்டும் என்று. அவன் போன பிறகு யார் டிஸ்க்கைக் கொண்டு போவார்கள் என்றேன். "நான் போறேன். என் ஸ்கூட்டரும் சும்மாதான் நிக்குது" என்றார். என் கணவருக்கு எல்லாமே விளையாட்டு.


24 ஜனவரி, சனி

வழிமுறைத் தாளைக் கிழித்துப் போட்டேன். ஒன்றிலிருந்து எழுதுகிறேன்.


1 பிப்ரவரி, ஞாயிறு

ஃபில்டர் என்ற சொல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் வயரிங் பிரிவில்தான் என் காலம் போனது. தொண்ணூற்றொன்றில் சோதனைப் பிரிவுக்குக் கணினி வந்தது. பயிற்சி பட்டதாரிகளுக்கு மட்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். சாயங்காலம் அதன் மேல் உறை போட்டு மூடும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். மூடுகிறவளுக்குத் திறக்கவும் தெரியாதா? சாப்பாட்டு நேரத்தில் உறையை எடுத்துவிட்டு உட்காருவேன். யாரும் சொல்லித் தரவில்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த சி மொழிப் புத்தகத்தில் நடுவில் சில பக்கங்கள் இல்லை. அந்தப் பக்கங்களில் என்ன இருந்திருக்கும் என்று நானே யோசித்து எழுதிப் பார்த்தேன். பாதி சரியாக இருந்தது.

அன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததும் ஒரு ஃபில்டர்தான். நிருபமா கெட்டவள் இல்லை. அந்தப் பலகையை ஒட்டியவரும் கெட்டவர் இல்லை. அதனால் என்ன? வெளியே நின்றது நான்.


14 பிப்ரவரி, சனி

ஓடிவிட்டது!

சிடி போட்டேன், கட்டளை கொடுத்தேன், சமையலறைக்குப் போய்க் குழம்பைத் தாளித்துவிட்டு வந்தால் திரையில் 'அடுக்கு' நிற்கிறது. மறுபடி செய்தேன். மறுபடியும் நின்றது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நேத்தும் இதே படம்தானே இருந்தது?" என்றார்.

அடுத்த சனி எல்லார் முன்னாலும் செய்து காட்டுகிறேன் என்று குழுவுக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டேன்.


21 பிப்ரவரி, சனி

அவமானம்.

மௌரீன் நூலகக் கணினியில் புதிதாக லினக்ஸ் போட்டு வைத்திருந்தார். எல்லாரும் சுற்றி நின்றார்கள். சிடி போட்டேன். கட்டளை கொடுத்தேன். ஒரு நிமிடம் ஓடியது. அப்புறம் சிவப்பு எழுத்து. அதைத் தாண்ட வைத்தேன். அடுத்த சிவப்பு எழுத்து.

ஸ்ரீஹர்ஷா என் தோளுக்குப் பின்னால் குனிந்து, "உங்க மெஷின்ல வருதில்ல ஆன்ட்டி? அப்ப விடுங்க" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். அதுதான் அதிகம் எரிந்தது. நிருபமா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

இந்தக் கணினியில் கோளாறு என்று சொல்லிவிட்டுச் சிடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மௌரீன் வாசல் வரை வந்தார். மே மாதத்துக்கு அப்புறம் என்ன செய்வது என்று பிரின்சிபால் கேட்கிறாராம், என்ன பதில் சொல்லட்டும் என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.


22 பிப்ரவரி, ஞாயிறு

சிடியில் நான் எழுதி வைத்த கட்டளைத் தொடரில், என் ஸ்கிரிப்டில், பிழை இல்லை. வரி வரியாகப் பார்த்துவிட்டேன்.


24 பிப்ரவரி, செவ்வாய்

இல்லை, இல்லை. நான்தான் முட்டாள்.

என் கணினி மட்டும் எங்கிருந்து வந்தது? அவன் டிஸ்க்கிலிருந்துதானே. நிருபமாவுடையது? அதுவும் அங்கிருந்துதான். எங்கள் எல்லார் கணினியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அதில் அவன் மூன்று வருடமாகக் கையால் போட்டது என்னென்ன இருக்கிறதோ யாருக்குத் தெரியும்? என் ஸ்கிரிப்ட் இங்கே எதையும் நிறுவவே இல்லை. ஏற்கனவே இருந்ததைப் பார்த்துவிட்டுச் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டு போயிருக்கிறது. நானும் குழம்பு தாளித்துக்கொண்டு... ச்சே. நேத்தும் இதே படம்தானே இருந்ததுன்னு இந்த மனுஷன் கேட்டாரே, அப்பவாவது உறைக்க வேணாமா எனக்கு?

அந்தத் தாளைப் பார்த்து ஆரம்பத்திலிருந்து நிறுவியவர்கள் எங்களில் ஒருவர்கூட இல்லை. புதியவர்கள் மட்டும்தான் முயன்றார்கள். தோற்றுப் போனவர்களைத் தெரியாதவர்கள் என்று சொல்லிக்கொண்டோம்.


26 பிப்ரவரி, வியாழன்

என் டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டேன். காலி.

அழிக்கும் முன் இவரிடம் சொன்னேன். செஸ் ஆட்டங்கள் அதில்தானே இருக்கின்றன என்று எழுந்து வந்தார். கம்ப்யூட்டருடன் ஆடுவதை எல்லாம் சேமித்து வைத்திருக்கிறார். "நான் ஜெயிச்ச ஒரே ஆட்டம் அதுலதான் இருக்கு சரளா. அது போச்சுன்னா நான் ஜெயிச்சேன்னு யார் நம்புவாங்க?" ஃபிளாப்பியில் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு ஃபிளாப்பியில் எடுத்துக்கொடு என்றார்.

இனி இதுதான் முறை. ஒவ்வொரு முறையும் அழிப்பேன். காலியிலிருந்து தொடங்குவேன். ஸ்கிரிப்டின் முதல் வரியிலும் அதையே எழுதிவிட்டேன்: டிஸ்க்கில் லினக்ஸ் தவிர வேறு ஏதாவது இருந்தால் நிறுத்து. நான் ஏமாந்ததுபோல் இனி யாரும் ஏமாறக்கூடாது.


9 மார்ச், செவ்வாய்

ஒவ்வொன்றாக அகப்படுகிறது. தேதி காட்டும் பகுதி, அச்செடுக்கும் பகுதி, எழுத்துருக்கள். எல்லாம் இணையத்தில் கிடைப்பவைதான், ஆனால் எந்தப் பதிப்பு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பழையதைப் போட்டால் ஒன்று உடைகிறது, புதியதைப் போட்டால் வேறொன்று. டயல்-அப்பில் ஒன்று இறங்குவதற்குள் போன் வந்து அறுந்துவிடுகிறது. இவர் தங்கையிடம் சொல்லிவிட்டேன், காலையில் போன் செய்யாதே என்று. கோபித்துக்கொண்டாள். கோபிக்கட்டும்.


13 மார்ச், சனி

ஒன்றே ஒன்று பாக்கி. புத்தகத் தலைப்புகளைத் தமிழுக்கும் கன்னடத்துக்கும் அகரவரிசையில் அடுக்கும் பகுதி. அது இணையத்தில் எங்கும் இல்லை. ஸ்ரீஹர்ஷா தானே எழுதியது. கம்பைல் ஆன வடிவம் எல்லாருடைய கணினியிலும் இருக்கிறது. எழுதிய மூல நிரல் யாரிடமும் இல்லை. பெட்டி இருக்கிறது, மூடியைப் பற்றவைத்துவிட்டார்கள், வயரிங் படம் இல்லை என்பதுபோல.

இன்று கேட்டேன். வீட்டில் எங்கோ இருக்கிறது, தேடி அனுப்புகிறேன் என்றான்.


20 மார்ச், சனி

கூட்டத்துக்கு அவன் வரவில்லை. மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை.


21 மார்ச், ஞாயிறு

பஸ் பிடித்துப் பனசங்கரியில் அவன் வீட்டுக்கே போய்விட்டேன். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்த துணியை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்காரச் சொன்னான். தண்ணீர் கொண்டு வந்தான். தேடினேன் ஆன்ட்டி என்றான். கிடைத்ததா என்றேன். ஒரு பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தான்.

அப்புறம் சொன்னான். "ரெண்டு வருஷம் முன்னாடி என் டிஸ்க் போச்சில்ல, அதோட போயிடுச்சு. கம்பைல் ஆனது மட்டும் நிருபமா மெஷின்ல இருந்துது. அதையே திரும்பக் காப்பி பண்ணிக்கிட்டேன். வேலை செஞ்சுது. யாரும் கேக்கல."

"இப்ப நான் கேக்கறேன்."

"குரூப்ல போடாதீங்க ஆன்ட்டி. 'அடுக்கு' பாத்துதான் இந்த வேலையே குடுத்தாங்க."

இரண்டு வருடமாக யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த மென்பொருளை, எழுதியவனாலேயே திருத்த முடியாது. இதை வைத்துக்கொண்டு ஃபில்டராம்.

போட மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது என்றேன். அவன் தலையாட்டினான். முகம் சின்னதாகிவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.


22 மார்ச், திங்கள்

காலையிலிருந்து மூன்று கடிதம் எழுதி அழித்தேன். முதலாவதில் எல்லாம் இருந்தது. வயரிங் பிரிவு, உறை, ஆன்ட்டி ஆன்ட்டி என்று அவர்கள் சிரித்தது, எல்லாம். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. அதைப் போட்டால் குழுவே ஒரு மாதம் அவனைப் பற்றிப் பேசும். 'அடுக்கு'வைப் பற்றி யார் பேசுவார்கள்? மௌரீனுக்கு அதனால் என்ன கிடைக்கும்?

கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "அகரவரிசைப் பகுதியின் மூல நிரல் நம்மிடம் இல்லை. நான் புதிதாக எழுதுகிறேன்."

அவனுக்காக இல்லை. யாரும் அப்படி நினைத்துக்கொள்ள வேண்டாம்.


25 மார்ச், வியாழன்

எப்படித் தொலைந்தது, யார் தொலைத்தது என்று நிருபமா குழுவில் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பதில் எழுதவில்லை. இன்று அவனே எழுதிவிட்டான், நடந்தது முழுவதையும். கடைசி வரி: கன்னடப் பகுதியை நான் எழுதித் தருகிறேன்.




4 ஏப்ரல், ஞாயிறு

தெருவில் தேர்தல் ஆட்டோ ஒன்று போனால் ஒன்று வருகிறது. ஒலிபெருக்கியில் தமிழில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம். இந்த இரைச்சலில் ஸ்ரீஹர்ஷா வந்தான். கையில் டிஸ்க் இருந்தது. என் கணினியில் மாட்டப் போனான். வேண்டாம் என்று சிடியைக் கொடுத்தேன்.

"என் சாஃப்ட்வேரை நானே இன்ஸ்டால் பண்ணணுமா?"

"ஆமா. எல்லாரும் அப்படித்தான்."

கூடத்தில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் போகவில்லை, ஒன்றும் சொல்லித் தரவும் இல்லை. சொல்லித் தந்தால் அப்புறம் சிடி எதற்கு? சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்தில் சிக்கிக்கொண்டான். முதல் இடத்தில் என் குறிப்பு புரியவில்லை என்று கத்தினான். எனக்குப் புரிகிறதே என்று நானும் கத்தினேன். இவர் செய்தித்தாளை இறக்காமலே, "அம்மா எழுதினது அம்மாவுக்குப் புரியும். அது போதாதாப்பா?" என்றார்.

போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. ஒரு படியை எழுதவே இல்லை, என் விரல் தானாகச் செய்துவிடுவதால். சேர்த்தேன். இரண்டாவது இடத்தில் நான் சொன்னதுதான் சரி, அவன் அவசரத்தில் படிக்காமல் தாண்டிவிட்டான். அதை அவனும் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் விடவில்லை.

அகரவரிசைப் பகுதி பாதிதான் இருந்தாலும் மூன்று மணிக்குள் ஓடியது. தான் தொடங்கியதை முதல் முறையாகக் காலி டிஸ்க்கிலிருந்து எழுப்பியிருக்கிறான். திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவு இருந்துதா இதுக்குள்ள?" என்றான்.

பிறகு சாயங்காலம் வரை உட்கார்ந்து கன்னடம் எழுதினான். நன்றாக எழுதுகிறான். அதை ஒருநாளும் நான் மறுத்ததில்லை.


14 ஏப்ரல், புதன்

வருடப் பிறப்பு. பாயசம் வைத்தேன். தமிழ் வரிசை முடிந்தது.


1 மே, சனி

மௌரீனிடம் சிடியைக் கொடுத்துவிட்டு, நான் வர மாட்டேன், போனும் எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். கல்நெஞ்சு என்றார் இவர். நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் ஓடினால்தான் ஓடியது என்று அர்த்தம்.

பதினொரு மணிக்குப் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. இவர் எடுத்துவிட்டார். கேட்டுவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். கேட்கக்கூடாது என்று எவ்வளவு நேரம் இருப்பது? கேட்டேன்.

"ஆய்த்தாம், முடிஞ்சிடுச்சாம்" என்றார். "முதல் தடவையிலேயே. ஒரு தமிழ் எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தி ஓட்டிப் பாத்துட்டாங்களாம். உன் பிழைதான்."


15 மே, சனி

ஸ்ரீஹர்ஷா நேற்று போய்விட்டான். விமான நிலையத்திலிருந்து போன் செய்தான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டாயா என்றேன்.

இன்று கூட்டத்தில் நான், நிருபமா, மௌரீன். பள்ளிகளுக்கு இப்போது எதுவும் சொல்ல வேண்டாம், டிசம்பர் வரை பார்ப்போம் என்றாள் நிருபமா. அதற்குள் வெளியிலிருந்து ஒருவராவது வர வேண்டும், இல்லாவிட்டால் மூடிவிடுவோம். சரி என்றேன். சிடியை நகலெடுத்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பினோம்.


20 ஜூன், ஞாயிறு

யாரும் வரவில்லை.


17 ஜூலை, சனி

யாரும் வரவில்லை. நிருபமா என்னை இரக்கத்தோடு பார்ப்பது மட்டும் வேண்டாம். ஐந்து மாதம் இருக்கிறது இன்னும்.


11 ஆகஸ்ட், புதன்

இன்று காலை குழுவுக்கு ஒரு மின்னஞ்சல். உமேஷ் என்று ஒருவர், சந்தாபுராவிலிருந்து. எங்களில் யாருக்கும் தெரியாதவர். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாராம். பள்ளி ஒன்றிலிருந்து நகலெடுக்க வந்த சிடியை, கேட்டுக்கொண்டு தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டாராம். பக்கத்தில் சங்கத்து வாசகசாலை இருக்கிறது, அதற்குப் போட்டுத் தரலாம் என்று எண்ணம்.

சிடியைப் போட்டால், டிஸ்க் காலி இல்லை என்று சொல்லி நின்றுவிட்டதாம். கடையில் இருப்பது ஒரே கணினி. அதை அழித்தால் கடை ஓடாது. ஆகவே என் முதல் வரியை எடுத்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. நான் கணினி முழுக்கப் பரப்பி வைக்கும் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டருக்குள் அடங்கும்படி மாற்றி எழுதியிருக்கிறார். வெளியே இருப்பது எதையும் தொடாது, பார்க்கவும் பார்க்காது. வேண்டாமென்றால் அந்த ஃபோல்டரை அழித்தால் போதும். மாற்றங்களை அனுப்பி, கீழே ஒரு வரி: "டிஸ்க் காலியா இருக்கணும்னு சொன்னது யாருங்க? எங்களுக்கெல்லாம் அது முடியாது."

என் ஸ்கிரிப்டைத் தொட இவர் யார்?


13 ஆகஸ்ட், வெள்ளி

நேற்று முழுவதும் உமேஷ் எழுதியதை உடைக்கப் பார்த்தேன். காலி டிஸ்க்கில் போட்டேன், ஓடியது. நிருபமாவின் கணினிக்கு அனுப்பினேன், அந்தப் பழைய குப்பையெல்லாம் நிறைந்த கணினியில், ஓடியது. பழைய அகரவரிசைப் பகுதியை வேண்டுமென்றே பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏற்றுக்கொண்டேன். பங்களித்தவர்கள் பெயர் இருக்கும் கோப்பில் அவர் பெயரைச் சேர்த்தேன், ஊரும் போட்டேன். நிருபமா அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். டிசம்பர் பேச்சை எடுக்கவே இல்லை. சந்தாபுராவுக்கு எந்த பஸ் என்று கேட்டாள். நாம் போக வேண்டியதில்லையே, அதுதானே விஷயம் என்றேன். ஆமாம் என்றாள்.

ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் ஏற்கவில்லை. பிழை வந்தால் அவர் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் அடுத்ததற்குப் போகிறது. அது கூடாது, நின்று சொல்ல வேண்டும். காரணங்களை ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்துவிட்டது. இரண்டு பக்கம். ஒத்துக்கொள்ளவில்லை. நான் சொன்ன காரணங்களில் எது எது தப்பு என்று எழுதியிருக்கிறார். படித்துவிட்டு, சாப்பிட வா என்று இவர் கூப்பிடக் கூப்பிட, இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாவது காரணத்தில் அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மற்றதில் இல்லை.